கென்யா கிராமப் பள்ளியில் பாடம் சொல்லித்தரப் போகிறீர்களா?

மூன்று மாதம் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு கிராமப் பள்ளிக்குப் போய், சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. நல்ல எண்ணம். அதை நல்ல காரியமாக முடிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. சட்டமும் மொழியும் பாடத்திட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் இங்கே கென்யாவை மட்டும், அதிலும் விக்டோரியா ஏரியை ஒட்டிய மேற்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். பதில்களை அந்தந்த நாட்டுக்கு ஏற்பத் தேடிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: நான் ஊர் திரும்பிய மறுநாள் அந்த வகுப்பில் என்ன மிஞ்சும்? இனி எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே உரசிப் பாருங்கள்.

அங்கே ஆசிரியர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 2019-ல் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசை வென்ற பீட்டர் டபிச்சி, கென்யாவின் ப்வானி என்ற சிற்றூரில் கணிதமும் இயற்பியலும் நடத்தியவர். அவருடைய பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கணினி. சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழை மாணவர்களுக்கும் ஊருக்குமே கொடுத்துவந்தார். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கும் ஊருக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

கென்யாவில் ஆசிரியராக வேலை பார்க்க, ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பயிற்சி முடித்து, பதிவும் செய்து, வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் அங்கே நிறைய. ஆகவே ஒரு வகுப்பைத் தனியாக எடுத்து நடத்துவது உங்கள் வேலை அல்ல. உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக நிற்பதே உங்கள் வேலை.

அப்படியானால் நான் போய் என்ன பயன்?

1985-ல் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு மேற்குக் கென்யாவுக்கு ஓர் அமெரிக்க இளைஞர் போனார். அங்கே ஒரு பள்ளியில் ஓராண்டு பாடம் நடத்தினார். அவர் பெயர் மைக்கேல் கிரெமர். பின்னாளில் பொருளாதார அறிஞராகி அதே பகுதிக்குத் திரும்பிவந்தார். பள்ளிகளுக்குச் செய்யும் உதவிகளில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை என்று நேரடியாகச் சோதித்துப் பார்த்தார். 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

கிரெமரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கண்டறிந்தவற்றில் இரண்டு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். முதலாவது, பாடநூல். புத்தகம் இல்லாத கிராமப் பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த சிலர் மட்டும் பலன் அடைந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி என்பதும் முக்கியக் காரணங்கள்.

இரண்டாவது, கூடுதல் ஆசிரியர். 2005-ல் மேற்குக் கென்யாவின் 140 பள்ளிகளுக்கு, உள்ளூரிலேயே ஓர் ஆசிரியரை ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொள்ளப் பணம் கிடைத்தது. ஒரு வகுப்பில் சுமார் எண்பது பிள்ளைகள் இருந்த பள்ளிகள் அவை. புதிய ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள்.

நமக்கு இதில் என்ன பாடம்? கொண்டுபோய்க் கொடுக்கும் பொருளைவிட, அந்தப் பிள்ளைகளின் மொழியும் நிலையும் தெரிந்த ஒருவர் வகுப்பில் நிற்பது பெரிது. அவர் கையைப் பலப்படுத்தினால் உங்கள் பயணத்துக்குப் பயன் உண்டு.

வகுப்பு எப்படி இருக்கும்?

ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சில பள்ளிகளில் புத்தகத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கிராமங்களில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அந்தப் பகுதியில் அது லுஹியாவாகவோ லுவோவாகவோ இருக்கும். நான்காம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம். இவற்றோடு நாட்டின் பொதுமொழியான சுவாஹிலியும் உண்டு.

நீங்கள் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "ஆம்" என்று சொல்லும். அது மரியாதைக்குச் சொல்லும் ஆம். அதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகப் போய் நோட்டைப் பாருங்கள். யாருக்கு எங்கே தடுமாற்றம் என்பது அங்கேதான் தெரியும்.

நான் செய்யக்கூடிய வேலை எது?

போவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வாசிக்கத் திணறும் ஐந்தாறு பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து வாசிக்கப் பழக்கலாம். பூட்டிக்கிடக்கும் அறிவியல் சாமான்களை எடுத்து ஆசிரியரோடு சேர்ந்து செய்முறை நடத்திப் பார்க்கலாம். கணினி, கணக்கு வழக்கு, நூலக அடுக்கு என்று உங்களுக்குக் கைவந்த தொழிலையும் பயன்படுத்தலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பின்னம் (முழுமையில் ஒரு பங்கு) புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நம் சப்பாத்தி கென்யாவில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் பண்டம். அங்கேயும் பெயர் சப்பாத்திதான். ஒன்றை வாங்கி நான்காகப் பிய்த்து, ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினால் கால் என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கும். இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடித்தால் அரை. ஆனால் பிய்ப்பது உங்கள் கையாக இருக்க வேண்டாம். முந்தின நாள் மாலை ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். மறுநாள் அவரே பிய்க்கட்டும், அவரே பிள்ளைகளின் மொழியில் விளக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கும் அதே பாடம் கிடைக்கும்.

எப்போது போகலாம், எத்தனை நாள் இருக்கலாம்?

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மூன்று பருவங்கள். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இடைவிடுமுறை. ஆண்டு இறுதியில் நீண்ட விடுமுறை. இங்கே கிடைக்கும் மே மாத விடுமுறையை நம்பி டிக்கெட் எடுத்தால் பருவத்தின் நடுவே போய் இறங்குவீர்கள். டிசம்பரில் போனால் பள்ளி பூட்டியிருக்கும். அந்த ஆண்டின் தேதிகளைப் பள்ளியிடமே கேட்டு வாங்குங்கள்.

முடிந்தால் ஒரு முழுப் பருவம் இருங்கள். பெயர்கள் மனதில் நிற்கவே இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம்தான் கிடைக்கும் என்றால், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் திட்டத்தைக் கைவிட்டு, ஆசிரியர்கள் கேட்கும் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் முடித்துக்கொடுங்கள்.

சுற்றுலா அனுமதியில் போய்விடலாமா?

கூடாது. 2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி (கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கும் ஒப்புதல்) தருகிறது. அது சுற்றிப்பார்ப்பது, உறவினரைப் பார்ப்பது போன்ற குறுகிய வருகைகளுக்குத்தான். சம்பளம் இல்லாத வேலைக்கும் தனி அனுமதி வேண்டும்: குறுகிய காலத்துக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு, நீண்ட காலத்துக்குத் தொண்டுப் பணிக்கான பணி அனுமதி. உங்களை அழைக்கும் அமைப்பின் வழியாகத்தான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். "சுற்றுலா என்று சொல்லி உள்ளே வந்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்த அமைப்பை அதோடு விட்டுவிடுங்கள். மாட்டிக்கொண்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

என்னென்ன ஊசி, மாத்திரை?

முதலில் மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் வைரஸ் நோய், மஞ்சள் காமாலை வேறு) தடுப்பூசி. இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்கு இது கட்டாயம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சான்று இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மலேரியா. ஏரிக்கரைப் பகுதியில் அது அதிகம். தடுப்பு மாத்திரையைப் போகும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை விழுங்க வேண்டும். ஊருக்கு வந்துவிட்டோம் என்று பாதியில் நிறுத்தக்கூடாது. திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், "கென்யா போய் வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தைக் காய்ச்சல் (நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழு தோல் வழியே உடலுக்குள் புகுவதால் வரும் நோய்) அங்கே உண்டு.

சாப்பாடும் தங்கலும் ஒத்துக்கொள்ளுமா?

பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் கெட்டியான களி. நம் களி சாப்பிட்ட கைக்கு அது பழகிவிடும். தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்ற கீரை. பள்ளியில் மதியம் பெரும்பாலும் கிதேரி; மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் திண்டாட்டம் இல்லை.

நிலநடுக்கோடு அந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. ஆனாலும் ககமேகா போன்ற ஊர்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கடைகளில் எம்-பெசா (செல்பேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை) செல்லும்; பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே சிம் வாங்கிக்கொள்ளலாம்.

எந்த அமைப்பை நம்புவது?

நான்கு கேள்விகள் கேளுங்கள். கென்யாவில் பதிவு செய்திருக்கிறீர்களா, எண் என்ன? நான் கட்டும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது? தலைமையாசிரியரோடு நான் நேரடியாகப் பேசலாமா? என்னிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். முன்பின் தெரியாத ஒருவரைச் சான்று கேட்காமல் பிள்ளைகளிடம் விடும் அமைப்புக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை. நம் பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே அந்தச் சான்று வாங்கலாம்.

"அனாதை இல்லத்தில் சேவை" என்று அழைத்தால் தவிர்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களும் பணமும் பெருகப் பெருக, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவருவதும் பெருகும். கென்ய அரசே 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது.

பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது?

உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வெளிநாட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பீர்களோ அப்படியே. பெற்றோரையும் பள்ளியையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். மிட்டாய், பேனா எதுவானாலும் பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்காமல் பள்ளியிடம் கொடுங்கள். அடிப்பது அங்கே சட்டப்படி தடை. பிரம்பைப் பார்க்க நேர்ந்தால் வகுப்பில் வைத்து ஆசிரியரைக் கண்டிக்காமல், தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டுப் போக முடியாது என்று தோன்றினால்?

அதுவும் நல்ல முடிவுதான். விமான டிக்கெட், ஊசி, அனுமதி, தங்கல் என்று ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். வேலைக்குக் காத்திருக்கும் உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க அந்தத் தொகையில் எத்தனை மாதம் ஓடும் என்று பள்ளிக் குழுவிடம் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் போகத் தோன்றினால், தயக்கமில்லாமல் போய் வாருங்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள் காலை, அந்த ஆசிரியர் ஒரு சப்பாத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால், நீங்கள் போனதற்குப் பலன் உண்டு.