வீட்டு வரியில் இருக்கிறது நூலகம்

நம் வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இத்தனை கொடுத்தும், பக்கத்துக் கிளை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் எத்தனை வீடுகளில் பதில் வரும்?

இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான். 1948-இல், அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. அதற்குப் பின்னால் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இருந்தது. புத்தகம் படிப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இருந்த காலத்தில், அது எல்லோருக்கும் உரியது, அதற்கான செலவைப் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும் என்று அவர் வாதாடினார். சட்டம் வருவதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமம் கிராமமாகப் போயிருக்கின்றன. வயலிலிருந்து திரும்பியவர்கள் இருக்கும் இடத்துக்கே நூலகம் போனது. அந்த எண்ணம்தான் பிறகு சட்டமானது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு குடும்பத்துக்கு நூலகம் என்ன செய்கிறது? முதலில், செலவைக் குறைக்கிறது. வாரம் இரண்டு கதைப் புத்தகம் கேட்கும் குழந்தைக்கு எல்லாவற்றையும் விலைக்கு வாங்கித் தர எந்த நடுத்தர வீட்டாலும் முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே குழந்தை தானே தேர்ந்தெடுக்கிறது. கடையில் விலையைப் பார்த்து நாம் தடுப்போம்; நூலக அலமாரி முன் தடுக்க ஒன்றுமில்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறன்று திறந்திருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளோடு வரட்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

காலையில் செய்தித்தாளுக்காக வரும் பெரியவர்களையும், சொந்தப் புத்தகக் கட்டோடு வந்து நாள் முழுக்க டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களையும் எந்த ஊர் நூலகத்திலும் பார்க்கலாம். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு, மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையும் யாரும் கூப்பிடாத நான்கு மணி நேரமும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் கனவு அந்த மேசையில்தான் வளர்கிறது.

2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நிலைத்தது. 2023-இல் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் குழந்தை நடந்து போகும் தூரத்தில் இருப்பது கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும்தான். அவற்றில் பல வாடகைக் கட்டடத்தில், ஒழுகும் கூரைக்குக் கீழே, ஒரே பணியாளரோடு நடக்கின்றன. மக்களிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலகத் துறைக்கு முழுதாகச் செலுத்துவதில்லை என்ற புகாரும் பல ஆண்டுகளாக இருக்கிறது. வாசிப்புக்கென்று வாங்கிய பணத்தை வேறெங்கும் நிறுத்தி வைப்பது நியாயமே இல்லை.

இந்த ஞாயிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் உறுப்பினராகுங்கள். சிறு காப்புத் தொகைதான். புதிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், வாசகர் வட்டத்தில் சேருங்கள். நூலகம் பூட்டியே கிடந்தால், நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அது எங்கே போனது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.