பைட்டுக்கு மீட்டர் எங்கே?

2020 மார்ச்சில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. பூமியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களின் தரவுகளை அமேசானின் கிளவுடுக்கு மாற்றும் வேலையில் நாசா இறங்கியிருந்த நேரம். 2025 வாக்கில் அந்தத் தரவு 247 பெட்டாபைட்டாகப் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். சேமிக்க என்ன செலவாகும் என்று யோசித்தவர்கள், உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் அதை இறக்கிக்கொள்ளும்போது ஆகும் செலவைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று அறிக்கை சுட்டிக்காட்டியது. சொந்த டேட்டா சென்டரிலிருந்து யார் எத்தனை முறை டவுன்லோடு செய்தாலும் நாசாவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கிளவுடில் வெளியேறும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் மீட்டர் ஓடும்.

அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை 2006 மார்ச்சில் தொடங்கியபோது ஒரு ஜிகாபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 15 செண்ட். அதையே ஒரு முறை அனுப்ப 20 செண்ட். வைத்திருப்பதைவிட எடுத்துப்போவதற்கு விலை அதிகம்! உள்ளே வரும் தரவுக்கு 2011 ஜூலை முதல் கட்டணம் இல்லை. வெளியே போவதற்கு இன்றும் உண்டு: முதல் 10 டெராபைட் வரை வர்ஜீனியாவில் ஜிகாபைட்டுக்கு 9 செண்ட், மும்பையில் 10.93 செண்ட். சரி, இதையெல்லாம் எண்ணுவது யார், எங்கே நின்று எண்ணுகிறார்?

கிளவுட் சர்வர் ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே கட்டடம், ஒரே மெயின் மீட்டர், உள்ளே பத்து இருபது குடித்தனம். வீட்டுக்காரர் ஆளுக்கொரு சப்-மீட்டர் மாட்டிவைத்திருப்பார். சப்-மீட்டர்களைக் கூட்டினால் மெயின் மீட்டரோடு ஒத்துப்போகாது, மாதாமாதம் தகராறு வரும். சர்வரிலும் ஒத்துப்போகாது. ஆனால் இங்கே யாரும் கொக்கி போட்டுத் திருடுவதில்லை.

முதலில் சப்-மீட்டரைப் பார்ப்போம். லினக்ஸ் சர்வரில் கேவிஎம் முறையில் ஒரு விர்ச்சுவல் மெஷினை, அதாவது ஒரு குடித்தனத்தை, இயக்கினால், அதற்கென்று ‘டேப்’ என்ற ஒரு போலி நெட்வொர்க் இடைமுகத்தைக் கர்னல் உருவாக்கித் தருகிறது. அந்த மெஷினின் போக்குவரத்து முழுக்க அதன் வழியாகத்தான். வந்த பைட்டுக்கு ஒரு கவுண்டர், போன பைட்டுக்கு ஒரு கவுண்டர். மெஷினுக்குள்ளேயும் இதே மாதிரி கவுண்டர்கள் உண்டு. ஆனால் உள்ளே ரூட் அதிகாரம் வாடிக்கையாளர் கையில் இருப்பதால் அதை நம்பி யாரும் பில் போடுவதில்லை. வெளியே இருக்கும் டேப்பைத்தான் படிக்கிறார்கள்.

படிப்பதில் ஒரு கோளாறு காத்திருக்கிறது. டேப் இருப்பது சர்வரின் பக்கம். மெஷின் ஒரு பாக்கெட்டை அனுப்பினால் டேப்பின் பார்வையில் அது ‘வந்தது’. மெஷினுக்கு ஒன்று போனால் டேப்பின் கணக்கில் ‘போனது’. வருவது இலவசம், போவதற்குத்தான் காசு என்றிருக்கும் இடத்தில், பில் போடும் நிரல் இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

அடுத்தது கவுண்டரின் அளவு. பழைய நெட்வொர்க் கருவிகளில் எஸ்என்எம்பி நெறிமுறை மூலம் படிக்கும் பைட் கவுண்டர் 32 பிட் கொண்டது. 4,294,967,295 வரை போய்விட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 10 மெகாபிட் வேகத்தில் ஒரு சுற்று முடிய 57 நிமிடம் ஆகும். யாருக்கும் கவலை இல்லை. 1 ஜிகாபிட் வேகத்தில் 34 விநாடிதான். வழக்கம்போல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால், முழு வேகத்தில் ஓடிய இணைப்பில் 37.5 ஜிகாபைட் போயிருக்கும். கவுண்டர் எட்டு முறை சுற்றி முடித்து ஒன்பதாவது சுற்றில் நிற்கும். கழித்துப் பார்த்தால் வெறும் 3.14 ஜிகாபைட்! இதைச் சமாளிக்கத்தான் 64 பிட் கவுண்டர்கள் வந்தன. 100 ஜிகாபிட் வேகத்தில் ஓடினாலும் அது ஒரு சுற்று வர 46 ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஆனால் கிளவுடில் கவுண்டர் சுற்றாமலேயே பூஜ்யத்துக்குப் போகும். மெஷினை நிறுத்திக் கிளப்பினால் புதிய டேப், புதிய கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தாமலேயே வேறு சர்வருக்கு நகர்த்தும் வசதியும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது, மீட்டர் மட்டும் புதிய வீட்டில் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். போன முறை படித்ததைவிட இந்த முறை எண் குறைந்திருந்தால் கவுண்டர் சுற்றிவிட்டதா, மெஷின் இடம் மாறியதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. எப்போது கிளம்பியது, எங்கே இருந்தது என்ற பதிவையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகப் படித்ததற்கும் இடம் மாறியதற்கும் இடையே ஓடிய பைட்டுகளை யாராவது பிடித்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் போனது போனதுதான்.

இனி மெயின் மீட்டர், அதாவது சர்வரின் நெட்வொர்க் கார்டு. ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு மெஷின்கள் பேசிக்கொண்டால் அந்தத் தரவு சர்வரின் நினைவகத்துக்குள்ளேயே, மென்பொருள் ஸ்விட்ச் வழியாகக் கைமாறிவிடும். இரண்டு டேப்பிலும் எண் ஏறும். சர்வரின் உண்மையான நெட்வொர்க் கார்டில் ஒரு பைட்கூட ஏறாது. இன்னொரு பக்கம், கார்டில் மட்டும் ஏறும் பைட்டுகளும் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் பாக்கெட் இன்னொருவரின் நெட்வொர்க்கில் கலந்துவிடாமல் இருக்க, விஎக்ஸ்லான் போன்ற முறைகளில் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்புகிறார்கள். உறையின் எடை 50 பைட். 1,500 பைட் பாக்கெட்டுக்கு அது மூன்று சதவீதச் சுமை. 64 பைட் பாக்கெட்டுக்கு 78 சதவீதம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வேகத்துக்காக விர்ச்சுவல் மெஷின் தரவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக நறுக்குவதில்லை. சுமார் 64,000 பைட்டை ஒரே பெரிய பாக்கெட்டாக, ஒரே தலைப்போடு தள்ளிவிடும். நறுக்கும் வேலை நெட்வொர்க் கார்டுக்கு. கார்டு அதை 44 துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் 54 பைட் தலைப்பு ஒட்டி அனுப்பும். டேப் எண்ணியது ஒரு தலைப்பு, கம்பியில் போனது 44. கிட்டத்தட்ட மூன்றரை சதவீத வித்தியாசம். ஜிகாபைட் என்றால் நூறு கோடி பைட்டா, 2-இன் 30-ஆம் அடுக்கா என்ற பழைய குழப்பம் சேர்ந்தால் இன்னொரு ஏழு சதவீதம். இத்தனைக்கும் இதுவரை யாரும் தப்பாக எண்ணவில்லை.

இன்னும் வேகம் வேண்டுமென்று நெட்வொர்க் கார்டையே கூறுபோட்டு மெஷின்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் எஸ்ஆர்-ஐஓவி முறை வந்த பிறகு, அங்கே டேப்புக்கே வேலை இல்லை. எண்ணும் பொறுப்பும் கார்டுக்குப் போய்விட்டது. அமேசானின் நைட்ரோ கார்டுகள் இந்தத் திசையில் வந்தவைதான்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணினாலும் பில் போட அது போதாது. பைட் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. இணையத்துக்குப் போனால் ஒரு விலை, அதே நகரத்தில் உள்ள இன்னொரு டேட்டா சென்டர் தொகுதிக்குப் போனால் வேறு விலை, பக்கத்து மெஷினுக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வெறும் கவுண்டருக்குத் திசை தெரியும், முகவரி தெரியாது. முகவரி தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்: யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட், எந்த நெறிமுறை, எத்தனை பாக்கெட், எத்தனை பைட். 1990-களில் சிஸ்கோ கொண்டுவந்த நெட்ஃப்ளோவின் அடிப்படை இதுதான். 2015-இல் அமேசான் தன் வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்ட விபிசி ஃப்ளோ லாக்கும் இதே வகை. பத்து நிமிடத்துக்கு ஒன்று, விரும்பினால் ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று தொகுத்துக் கொடுக்கும். அதிலும் அமேசானின் சொந்த டிஎன்எஸ் சர்வரோடு பேசியது பதிவாகாது. சமயத்தில் ‘சில பதிவுகள் விடுபட்டன’ என்று அதுவே ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதிவைக்கும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பில்லோடு ஒப்பிட உட்காரும்போதுதான் இடிக்கும்.

வேகமான இணைப்பில் எல்லா ஓட்டத்தையும் பதிவது கட்டுபடியாகாது என்பதால் மாதிரி எடுக்கும் வழியும் உண்டு. ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்றைப் பார்த்து ஆயிரத்தால் பெருக்கும் எஸ்ஃப்ளோ முறை அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு 10,000 மாதிரி கிடைத்தால் பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும். 100 மாதிரிதான் கிடைத்தது என்றால் பிழை 20 சதவீதம் வரை போகலாம். அதாவது பெரிய ஆளுக்குச் சரியான பில், சின்ன ஆளுக்குக் குத்துமதிப்பு. நெட்வொர்க்கை விரிவாக்கத் திட்டமிடுகிறவருக்கு இது தாராளமாகப் போதும். காசு வாங்க இதைப் பயன்படுத்துவது நியாயமில்லை என்பேன்.

இதற்கு 2002-இலேயே கிறிஸ்டியன் எஸ்டான், ஜார்ஜ் வர்கீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். இந்தத் துறையில் பெரிய ஓட்டங்களை யானை என்றும் சின்ன ஓட்டங்களை எலி என்றும் சொல்வது வழக்கம். போக்குவரத்தின் பெரும்பகுதி சில யானைகள்தான். யானைகளை மட்டும் துல்லியமாக எண்ணுங்கள், எலிகளிடம் பயன்பாட்டைப் பார்க்காமல் நிலையான ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கிரஹாம் கார்மோடும் எஸ். முத்துகிருஷ்ணனும் உருவாக்கிய கவுன்ட்-மின் ஸ்கெட்ச், மிகக் குறைந்த நினைவகத்தில் லட்சக்கணக்கான ஓட்டங்களைத் தோராயமாக எண்ணிவிடும். அதன் பிழை ஒரு பக்கம்தான் சாயும்: உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம், குறைவாக ஒருபோதும் காட்டாது. தாக்குதலைக் கண்டுபிடிக்க அருமையான குணம். பில்லில் அந்தக் குணம் யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பில் தப்பாகலாம். 2024 ஏப்ரலில் ஒரு மென்பொருளாளரின் காலியான எஸ்3 தொட்டிக்கு (பக்கெட்) ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 கோடி கோரிக்கைகள் வந்து, 1,300 டாலருக்கு மேல் பில் ஆனது. ஒரு பிரபலமான திறமூலக் கருவியின் இயல்பு அமைப்பில் தற்செயலாக அந்தத் தொட்டியின் பெயரே இருந்திருக்கிறது. எல்லாக் கோரிக்கையும் ‘அனுமதி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவை. ஆனால் கதவைத் தட்டியவரிடம் இல்லாமல், கதவுக்குச் சொந்தக்காரரிடம் காசு கேட்டது மீட்டர். விஷயம் பரவியதும் அடுத்த மாதமே அமேசான் அந்த விதியை மாற்றிக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவரிடம் அதற்கான கட்டணத்தை 2027 ஜனவரி 12-க்குப் பிறகு வாங்கவே கூடாது என்கிறது. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024 தொடக்கத்திலேயே, காலி செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு வெளியேற்றக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டன. அன்றாடம் இணையத்துக்குப் போகும் தரவுக்குக் கட்டணம் அப்படியே இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் பைட்டும் விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பும் பைட்டும் டேப்பிலும் ஒன்றுதான், கார்டிலும் ஒன்றுதான், ஃப்ளோ லாக்கிலும் ஒன்றுதான். அதனால் அமேசானில் வாடிக்கையாளர் முதலில் சேவைப் பிரிவுக்கு எழுதி, தான் மாறப்போவதாகத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பரிசீலித்து ஒப்புக்கொண்டால் அந்தத் தொகையை வரவு வைப்பார்கள்.