சிறுநீரியலுக்கு ஓர் ஆசிரியர்



பெங்களூரில் வாழும் நம்மவர்கள் காலையில் நாளிதழைப் பிரிக்கும்போது, ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரியின் அறிவிப்பை அவ்வப்போது காண்பதுண்டு. ‘சிறுநீரியல் துறைக்கு உதவிப் பேராசிரியர் தேவை, தகுதி எம்.சிஎச்.’ என்ற அளவில் அது முடிந்துவிடும். மருத்துவர் அல்லாத நமக்கு இதனால் ஆவது என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆயினும், நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக எத்தனை நாள் காத்திருக்க நேரும் என்பது பெரும்பாலும் அந்த அறிவிப்பின் முடிவைப் பொறுத்ததாகும். அது எவ்வாறு என்பதை இன்று விளக்க முற்படுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிறுநீரகம் ஒன்றாயினும் அதற்கு வைத்தியர் இரு வகையினர். இரத்தத்தைச் சுத்தி செய்யும் ஆற்றல் குன்றிய சிறுநீரகத்தை மருந்தாலும் டயாலிசிஸாலும் கவனிப்பவர் நெஃப்ராலஜி நிபுணர். சிறுநீரகம் முதல் சிறுநீர்த் தாரை வரையுள்ள பாதையில் கல், அடைப்பு, கட்டி முதலியன தோன்றினால் அவற்றைக் கருவி கொண்டு நீக்குபவர் யூராலஜி நிபுணர். இவரையே நாம் சிறுநீரியல் நிபுணர் என்கிறோம். முதியோரின் புராஸ்டேட் வீக்கமும், குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமைந்த பாதைக் குறைகளும், ஆண்களின் மலட்டுத்தன்மையும் இவர் பார்வைக்கே வருகின்றன.

கல்லை எடுக்கும் வித்தை நம் நாட்டிற்குப் புதிதன்று. சிறுநீர்ப்பையின் கல்லைக் கீறி எடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரித்திருக்கிறது. ஆனால் உடலைக் கீறாமலே உள்ளே நோக்கும் வழி நெடுங்காலத்திற்குப் பிறகே கிட்டிற்று. ஜெர்மானிய மருத்துவரான மாக்ஸ் நிட்சே 1879-ஆம் ஆண்டில் விளக்குப் பொருத்திய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். நூறாண்டு கழித்து, 1980-இல், மியூனிக் நகரில் அதிர்வலைகளால் வெளியிலிருந்தே கல்லைப் பொடியாக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. இன்று லேசர் கதிரும் ரோபோ கருவியும் வந்துவிட்டன. இத்தனை கருவிகளையும் நூலைப் படித்துக் கற்றுக்கொள்ள இயலாது. குழாயின் நுனி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை, பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்ட ஒருவர் வேண்டும். ஆசிரியர் இன்றியமையாதவராவது இதனாலேதான்.

இத்தகைய ஆசிரியர் உருவாக எவ்வளவு காலம் ஆகிறது? எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு. பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். மூன்று ஆண்டு, அதன்மேல் சிறுநீரியலில் எம்.சிஎச். மூன்று ஆண்டு. ஆகப் பதினொன்றரை ஆண்டுகள். ஒவ்வொரு படிக்கும் இடையே நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. உயர் சிறப்புப் படிப்புகளுக்கான அகில இந்திய நீட் தேர்வு 2017 முதல் நடைபெற்று வருகிறது. தேர்வுக்கெனக் காத்திருக்கும் ஆண்டுகளையும், சில மாநிலங்களில் அரசுக்குக் கடமைப்பட்ட பணி ஆண்டுகளையும் கூட்டினால், உதவிப் பேராசிரியர் பதவிக்கு மனுச் செய்யும் தகுதி வரும்போது ஒருவருக்கு முப்பது வயது கடந்திருக்கும்.

இனி நியமனம் நடைபெறும் முறையைக் காண்போம். கர்நாடகத்தின் மருத்துவக் கல்லூரிகளுள் மிகப் பல, 1996-இல் நிறுவப்பட்டுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். ஆசிரியரை நியமிப்பது அந்தந்தக் கல்லூரி அல்லது நிறுவனம். ஆசிரியருக்குரிய தகுதியை வரையறுப்பது தேசிய மருத்துவ ஆணையம். 2020-இல் பழைய இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்திற்கு வந்த அமைப்பு இது. அறிவிப்பு வெளியானதும் மனுக்கள் வருகின்றன. பட்டமும் பதிவும் அனுபவச் சான்றும் சரிபார்க்கப்படுகின்றன. பிறகு தேர்வுக் குழு கூடுகிறது. அத்துறையில் வல்லவர் ஒருவரை வெளியிலிருந்து அழைத்து அமர்த்துவது வழக்கம். இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் உயர்வதற்குக் குறித்த ஆண்டுகள் கற்பித்திருப்பதோடு ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும்.

முறை இவ்வளவு ஒழுங்காக அமைந்திருந்தும், அறிவிப்புக்குத் தக்கவர் எளிதில் அகப்படுவதில்லை. வருமானம் இதற்குரிய முதற் காரணம். அதே தகுதியுடையவருக்குத் தனியார் மருத்துவமனை கொடுக்கும் ஊதியம் ஆசிரியர் ஊதியத்தைவிடப் பன்மடங்காக இருக்கக்கூடும்; பெங்களூரில் தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. கருவியையும் கருதவேண்டும். லேசரும் நுண்குழாய்களும் இல்லாத துறையில் சேர்ந்தால், கற்ற கை துருப்பிடிக்கும் என்று இளைஞர் அஞ்சுகிறார். இவற்றோடு, ஊதியத்திற்கு ஈடாக உலகம் மதிக்காத வேலை ஒன்றும் சேர்கிறது. தாம் முக்கால் மணியில் முடிக்கக்கூடிய சிகிச்சையை மாணவர் இரண்டு மணி நேரம் செய்வதைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டு, தவறு நேருமுன் தடுக்கவேண்டும். இதில் மகிழ்ச்சி காண்பவரே ஆசிரியராக நிலைக்கிறார். தேர்வுக் குழுவினர் சான்றிதழ்களுக்கு அப்பால் காண வேண்டிய குணம் இது. காண்பதற்கு அரியதும் இதுவே.

பதவி காலியாகவே கிடந்தால் விளைவு என்ன? உயர் சிறப்புப் படிப்பில் எத்தனை மாணவரைச் சேர்க்கலாம் என்பது, துறையிலுள்ள தகுதி பெற்ற ஆசிரியர், படுக்கை ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆசிரியர் ஒருவர் குறைந்தால் மாணவர் இடமும் குறைகிறது. ஆண்டுக்கு இருவரைப் பயிற்றும் ஆசிரியர் இருபது ஆண்டு பணியாற்றினால் நாற்பது நிபுணர் உருவாவர். அந்த நாற்பது பேரும் ஷிமோகாவிலும் கோலாரிலும் சேலத்திலும் அமர்ந்து வைத்தியம் பார்த்தால், அவ்வூர்க்காரர் கல்லடைப்பு வலியோடு இரவுப் பேருந்தில் பெங்களூருக்கு ஓடிவர வேண்டியதில்லை. விதை நெல்லைச் சமைத்து உண்டவன் அடுத்த பருவத்தில் என் செய்வான்? ஆசிரியர் பதவியை நிரப்பாது காலங்கடத்துவதும் அதற்கு ஒப்பானதே.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரியலைத் தனித் துறையாக வளர்த்தவர் டாக்டர் எச். எஸ். பட். இந்தியாவில் வெற்றிகரமாக நிறைவேறிய முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இல் அதே மருத்துவமனையில்தான் நடைபெற்றது. கருவியும் கட்டடமும் எங்கும் வாங்கலாம். கற்பிக்கும் மரபு வேரூன்றிய இடத்தில்தான் இத்தகைய செயல் கைகூடும். பெங்களூரிலும் இத்தகைய மரபுக்கு இடம் உண்டு. 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா மருத்துவமனையும், 1955-இல் தோன்றிய பெங்களூர் மருத்துவக் கல்லூரியும் இணைந்து பல தலைமுறை மருத்துவரை ஆக்கியிருக்கின்றன. அந்த விக்டோரியா வளாகத்திலேயே சிறுநீரக நோய்களுக்கென்று கர்நாடக அரசின் தன்னாட்சி நிறுவனம் ஒன்றும் இயங்கி வருகிறது.

நிபுணரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள மாநிலங்கள் வேறு வழிகளையும் நாடுகின்றன. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கே ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் ஆணையிட்டது. படித்தவர் மீண்டும் அரசு மருத்துவமனைக்கே திரும்புவார் என்பது அதன் கருத்து. வெளியிலிருந்து நிபுணரை அழைப்பதோடு, உள்ளிருப்பவரை நிபுணராக்குவதும் ஆசிரியர் பஞ்சத்திற்கு ஒரு மருந்து.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியாக ஒரு செய்தி உண்டு. சிறுநீர் பற்றிய நோய் நாணத்தால் மறைக்கப்படும் நோய். இரவில் ஐந்து முறை எழுகிறேன் என்பதையோ, இரத்தம் கலந்து போகிறது என்பதையோ மகனிடமே சொல்லாத தந்தையர் எத்தனையோ பேர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் தமிழ் முதியவர் ஒருவர், தமக்குப் பழகாத மொழியில் அந்நியர் ஒருவரிடம் அதனை எவ்வாறு விளக்குவார்? பேத்தியை மொழிபெயர்க்க அழைத்துச் சென்றால் பாதியை விழுங்கிவிடுவார். வலியில்லாமல் இரத்தம் போவது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடுமாதலால், விழுங்கிய அந்தப் பாதி உயிருக்கே உலை வைக்கலாம்.

ஆகவே, இந்நகரில் ஆசிரியர் பதவியை ஏற்பவர் கன்னடத்தைக் கட்டாயம் கற்கவேண்டும். தமிழும் தெலுங்கும் உருதுவும் சிறிது அறிந்திருப்பின் நோயாளி செய்த புண்ணியம் எனலாம். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து சேரும் இளம் மருத்துவர், ‘நோவு எல்லிதெ?’ என்று கன்னடத்தில் கேட்கப் பழகிய அன்றே கோலார்க் குடியானவரின் நம்பிக்கையைப் பெறுவார். கன்னடம் பேசும் பேராசிரியர், ‘எங்கே வலிக்கிறது, ஐயா?’ என்று ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டால் அல்சூர்ப் பெரியவரின் நாவும் அவிழும். தம் மாணவர்களுக்கு அவர் கற்பிக்க வேண்டியவற்றுள் இவ்வாறு கேட்கும் முறையும் அடங்கும்.

நாமும் நம் பங்கைச் செய்யலாம். குறியைக் கண்டவுடன் நாணத்தை ஒதுக்கி மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வோம். பயிற்சி மாணவர் ஒருவர் முதலில் வந்து நம்மை விசாரித்தால், ‘பெரிய டாக்டர் எங்கே?’ என்று சீறாமல் பொறுமையோடு விடை கூறுவோம். இன்று நம் கட்டிலருகே தயங்கி நிற்கும் அந்த இளைஞரே, இன்னும் சில ஆண்டுகளில் நாளிதழ் அறிவிப்பைக் கண்டு ஆசிரியர் பதவிக்கு மனுச் செய்யப்போகிறவர்.