கருப்பா, கொலைகாரனா?
மேற்குப் புறநகரும் சின்னத்திரையும் – 9

தமிழில் குற்றக் கதைக்கு வாசகர் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் போட்ட பாதையில் தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு துப்பறிவாளர் கிடைத்துக்கொண்டே இருந்தார். அச்சில் இவ்வளவு செழித்த இந்த வகை, தமிழ்த் தொலைக்காட்சியில் தனக்கென ஒரு முகத்தைப் பெறுவதற்கு 1990களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’தான் அந்த முகம். 1995 முதல் 1998 வரை சன் தொலைக்காட்சியிலும், பின்னர் 2001 வரை ராஜ் தொலைக்காட்சியிலும் வெளிவந்த இத்தொடர் தமிழகம் முழுவதும் பார்க்கப்பட்டது என்றாலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை நடுவில் வைத்து அதன் கதையைச் சொல்வதற்குத் தனிக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் கம்பி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியதிலிருந்து, மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டவர்கள் எல்லோருக்கும் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள்தான் கிடைத்து வந்தன. தூர்தர்ஷன் நாடு முழுமைக்கும் வழங்கிய ‘கரம்சந்த்’ (1985), ‘பியோம்கேஷ் பக்ஷி’ (1993) போன்ற நல்ல துப்பறியும் தொடர்கள் இந்தியில் இருந்ததால், கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் ஆகியவற்றின் பொருட்டுப் பல மாநிலத்தாரும் குடியிருந்த ஆவடியில் அவற்றைப் பின்தொடர ஆள் இருந்தது. அதே சாலையில் சில கல் தொலைவில் இருந்த தமிழ் வீடுகளுக்கோ கரம்சந்த் கேரட் கடிப்பது மட்டும்தான் புரிந்திருக்கும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபோது நிலைமை மாறியது. செயற்கைக்கோள் வழியாக வரும் அலைவரிசையை வீட்டு ஆன்டெனாவால் பிடிக்க முடியாது. அதற்குப் பெரிய தட்டு வடிவ வாங்கி தேவைப்பட்டது. அதை ஒருவர் தம் மாடியில் வைத்து, அங்கிருந்து தென்னை மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் கறுப்புக் கம்பி இழுத்துத் தெருவுக்கே இணைப்புக் கொடுத்தார். அவருக்குக் ‘கேபிள்காரர்’ என்று பெயர் வந்தது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் இவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னபோது, அந்தப் பொறுப்பைத் தலைமை அஞ்சல் அலுவலகங்களிடம் ஒப்படைத்தது. ‘மர்மதேசம்’ காட்டிய கருப்பசாமி என்னும் காவல் தெய்வத்தைத் தமிழ் வீடுகளுக்குள் குதிரையோடு அழைத்துவந்தவர்களுக்குத் தபால் நிலையம் சான்றிதழ் வழங்கியது என்பது இந்த வரலாற்றின் சிறு வேடிக்கை.

இரண்டாவது காரணம் மக்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப்பும் வந்து, 1960களில் தொழிற்பேட்டை உருவாகி, அதே பத்தாண்டில் ஆவடியில் டாங்கி உற்பத்தி தொடங்கிய பிறகு, தெற்கிலும் மேற்கிலும் உள்ள மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். ஊரில் நிலமும் பங்காளிகளும் போலவே, குலதெய்வமும் பின்னால் தங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை போய்ப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு முடியிறக்கி வருவதோடு அந்த உறவு நின்றது. இந்தப் பார்வையாளர்களிடம்தான் ‘மர்மதேசம்’ வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு பாகுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். துப்பறியும் கதை என்பது ‘செய்தவர் யார்?’ என்ற கேள்வியால் இயங்குவது. அதில் செய்தவர் மனிதர் என்பதில் வாசகருக்குத் தொடக்கத்திலேயே ஐயம் இல்லை. மர்மக் கதை அதற்கும் ஒரு படி முன்னால் நின்று, ‘செய்தது மனிதர்தானா?’ என்று கேட்பது. இந்திரா சௌந்தர்ராஜன் இரண்டு கேள்விகளையும் ஒரே கதையில் வைத்தார். முதல் பாகமான ‘ரகசியம்’, இரவில் தங்குவோரை விட்டுவைக்காத ஒரு கோயிலையும், சித்த மருத்துவ மரபு பேசும் நவபாஷாணத்தையும் சுற்றி அமைந்தது. நவபாஷாணம் என்பது ஒன்பது நச்சுப் பொருள்களைக் கட்டி மருந்தாக்கிய சேர்மானம். பழனி முருகன் திருமேனி போகரால் இவ்வாறு செய்யப்பட்டது என்பது மரபு. டெல்லி கணேஷ், சாருஹாசன் போன்ற தேர்ந்த நடிகர்கள் இருந்ததால், நம்ப முடியாத செய்தியைக்கூட அவர்கள் சொல்லும்போது பார்ப்பவர் அரைமனதாகவாவது நம்பினார்.

ஆனால் ரசிகர்கள் இன்றுவரை பேசுவது இரண்டாம் பாகத்தைத்தான். 1997–98இல் வந்த ‘விடாது கருப்பு’, தவறு செய்பவர்களைக் கருப்பசாமி நேரில் வந்து தண்டிக்கிறார் என்று நம்பும் ஒரு கிராமத்தில் நிகழ்கிறது. அந்த ஊருக்கு வந்து நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் படித்த இளம்பெண்ணாகத் தேவதர்ஷினியும், ராஜேந்திரனாகச் சேத்தனும், சிறுவன் ராஜேந்திரனாக லோகேஷும் நடித்தார்கள். இயக்குநர் நாகா கதையை நேர்கோட்டில் சொல்லாமல், ஒரு தலைமுறைக்கு முந்தைய நிகழ்வையும் நிகழ்காலத்தையும் மாறி மாறி வெட்டிக் காட்டினார். அன்றைய தொலைக்காட்சியில் பழக்கமில்லாத இந்த முறை முதல் சில வாரங்கள் பலரைக் குழப்பியிருக்க வேண்டும். பிடிபட்டபின் அதுவே போதையானது. கொலையைச் செய்தது யார் என்பதை இக்கட்டுரை சொல்லாது. இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

கருப்பசாமி இங்கே வெறும் பயமுறுத்தும் உருவம் அல்ல என்பதைத் தென்மாவட்டத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரின் எல்லையில் அரிவாளோடு நிற்கும் இத்தெய்வம் காவல்காரர். அதோடு வழக்கை விசாரிப்பவரும், தீர்ப்புச் சொல்பவரும், அதை நிறைவேற்றுபவரும் அவரே. மதுரைக்கு அருகில் அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் மூடிய கதவின் முன் சத்தியம் செய்து வழக்குத் தீர்க்கும் மரபு நெடுநாளையது. நிலத் தகராறு, திருட்டு, கொடுக்கல் வாங்கல் என்று நீதிமன்றம் போகாத வழக்குகள் அங்கே வந்தன. ஆக, மேல்நாட்டுக் கதை துப்பறிவாளருக்கும் போலீசுக்கும் நீதிபதிக்கும் பிரித்துக் கொடுத்த வேலைகளைத் தமிழ்க் கிராமம் ஒரே தெய்வத்திடம் கொடுத்திருந்தது. அப்படிப்பட்ட தெய்வத்தையே சந்தேக நபராக்கியதுதான் ‘விடாது கருப்பு’ செய்த துணிச்சல்; அதன் புகழுக்கு இசையையும் ஒளிப்பதிவையும் விட இதுவே முதன்மையான காரணம். குலதெய்வத்தை ஊரில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவருக்கு, அது இரவில் குதிரையேறி வரவேற்பறைக்குள் நுழைவது அச்சமும் உரிமையும் கலந்த அனுபவமாக இருந்திருக்கும். திருவேற்காடு கருமாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த உள்ளூர்க்காரருக்கும் காவல் தெய்வம் புதிதில்லை.

இதே மாதங்களில் பூந்தமல்லியில் வேறொரு குற்ற விசாரணை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் அந்த ஊரில்தான் இயங்கியது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறுஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, பத்தொன்பது பேரை விடுவித்தது. நீதிமன்ற விசாரணை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. பாதுகாப்பு வளையத்தைக் கடந்து தினமும் பேருந்தில் போனவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. வீட்டிலிருந்த பெட்டியிலோ ஒவ்வொரு தடயமும் அவர்கள் கண்ணெதிரே விரிக்கப்பட்டது. இரண்டையும் இணைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர வேண்டியதில்லை. ஆனால் அக்காலப் பூந்தமல்லியை நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ரசிகர்கள் உருவான விதத்துக்கு வருவோம். தொடர் வாரம் ஒரு முறை வந்தது. தொழிற்சாலையோ மூன்று ஷிப்டில் ஓடியது. இரண்டாம் ஷிப்டில் மாட்டிக்கொண்டவர் அந்த வாரத்துக் கதையை வீட்டார் சொல்லித்தான் அறிய முடியும்; சொல்பவர் தம் ஊகத்தையும் சேர்த்தே சொல்வார்; கேட்டவர் மறுநாள் கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் அதை மேலும் நீட்டுவார். மின்தடை வந்த தெருவுக்கு அடுத்த தெரு கதை சொல்லும். இப்படி ஒளிபரப்பு அரை மணி நேரமும் அதைப் பற்றிய விசாரணை ஆறரை நாளுமாக ஒரு கணக்கு ஏற்பட்டது. இது தமிழருக்குப் புதிய பழக்கம் அன்று. வார இதழ் வாசகர்கள் ‘தொடரும்’ என்ற சொல்லோடு பல தலைமுறை வாழ்ந்தவர்கள், இந்திரா சௌந்தர்ராஜனும் அந்த இதழ்களில் பயின்ற எழுத்தாளர். எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் அடுத்த வாரம் வருவார் என்பது அவருக்குக் கைவந்த கலை. தொலைக்காட்சி அந்தப் பழைய கலைக்குக் கண்ணும் காதும் கொடுத்தது.

‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ ஆகிய பின்வந்த பாகங்களுக்கும் அபிமானிகள் உண்டு; எனினும் அவற்றுள் எதுவும் கருப்புக்கு இணையாகப் பேசப்படவில்லை. அதற்குள் காலமும் மாறிவிட்டது. 1999 இறுதியில் தொடங்கிய ‘சித்தி’யின் வெற்றிக்குப் பின் நாள்தோறும் வரும் நெடுந்தொடரே நடைமுறை ஆனது. நாள்தோறும் வரும் கதையில் ஊகிப்பதற்கு ஒரு இரவுதான் கிடைக்கும். மர்மக் கதைக்கு அது போதாது.

ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் இன்று கைப்பேசியில் பார்க்கின்றன. மர்மதேசத்தின் பாகங்கள் யூடியூபில் கிடைப்பதால், அந்தத் தொடர் வந்தபோது பிறக்காதவர்களும் அதைக் கண்டடைந்திருக்கிறார்கள். 2024 நவம்பர் 9 அன்று டெல்லி கணேஷும், மறுநாள் மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜனும் மறைந்தபோது, பலர் மீண்டும் அதைத் தேடிப் பார்த்தார்கள். ஒரே இரவில் உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டு, இதற்கா அவ்வளவு பேச்சு என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. அவர்கள் கேட்பது நியாயமே, சில காட்சிகள் இன்று மெதுவாகவும் சில உத்திகள் எளிமையாகவும் தெரிகின்றன. புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘விடாது கருப்பு’வை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள்; இடையில் வரும் ஆறு நாளும் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், ஆனால் முடிவை மட்டும் சொல்ல விடாதீர்கள்.

(தொடரும்)