விரிசலுக்கு அணை போடும் ரப்பர் துகள்கள்

போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, கார்பன் இழையும் அதைப் பிணைக்கும் எபாக்சி ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். ஹார்டுவேர் கடையில் இரண்டு ட்யூபாக வாங்கிக் குழைத்து ஒட்டுகிறோமே, அந்தப் பசையும் இதே குடும்பம். கெட்டிப்பட்டால் கண்ணாடிபோல் நொறுங்குவது இந்தக் குடும்பத்தின் பிறவிக்குணம். அதை வைத்துக்கொண்டு விமானம் கட்ட முடிந்தது எப்படி?

ரெசினும் ஹார்டனரும் சேரும்போது மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்து முப்பரிமாண வலையாகின்றன. சூட்டையும் ரசாயனத்தையும் எபாக்சி தாங்குவது இந்த இறுக்கத்தால்தான். வினையும் அதிலேயே இருக்கிறது. மூலக்கூறுகள் நகர்ந்துகொடுக்க இடமில்லாததால், சின்னக் கீறல் விழுந்தாலும் தடையில்லாமல் ஓடிவிடும்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மெக்கேரி குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல் சேர்ந்த திரவ ரப்பரை எபாக்சியில் கலந்தார்கள். முதலில் அது முழுதாகக் கரைந்துவிடும். ரெசின் இறுக இறுக, கரைந்து நிற்க முடியாமல் மைக்ரான் அளவுத் துளிகளாகப் பிரியும். ரப்பர் சங்கிலியின் இரு முனைகளிலும் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் எபாக்சியோடு வினைபுரிவதால், துளிகள் ரெசினை இறுகப் பற்றிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்துப் பங்கு ரப்பரே விரிசலுக்குத் தேவைப்படும் ஆற்றலைப் பத்து மடங்கு, சில கலவைகளில் அதற்கு மேலும் கூட்டியது.

ரப்பர் இழுபட்டு விரிசலின் இரு கரைகளையும் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். 1980களில் இங்கிலாந்தில் கின்லாக், அமெரிக்காவில் யீ, பியர்சன் ஆகியோரின் ஆய்வுகள் வேறு விடை தந்தன. விரிசல் முனைக்கு எதிரே இருக்கும் துகள்கள் உள்ளுக்குள் பிளந்து குழியாகின்றன. அதனால் அங்கே இறுக்கம் தளர்ந்து, சுற்றியுள்ள எபாக்சி நெகிழ்ந்து வளைகிறது. ஆற்றலில் பெரும்பங்கை விழுங்குவது எபாக்சியேதான். ரப்பர் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

விமானத்துக்கான ரெசின்களில் ரப்பர் எடுபடாமல் போன காரணமும் இதில் விளங்கிவிட்டது. அதிக சூடு தாங்க வேண்டி அவற்றின் வலையை மிக நெருக்கமாகப் பின்னுகிறார்கள். வளையவே முடியாத எபாக்சிக்கு வழி திறந்து என்ன பயன்? போதாக்குறைக்கு, பிரியாமல் கரைந்தே தங்கும் ரப்பர் சூடு தாங்கும் திறனையும் விறைப்பையும் குறைத்துவிடும்.

ஆகவே பாலிஈதர்சல்ஃபோன், பாலிஈதர்இமைடு போன்ற சூடு தாங்கும் தெர்மோபிளாஸ்டிக்குகளுக்குப் போனார்கள். ஜப்பானின் டோரே நிறுவனம் இன்னொரு படி மேலே சென்றது. கருவி கைதவறி விழுந்தால் கார்பன் அடுக்குகளுக்கு நடுவேதான் விரிசல் ஓடும் என்பதால், தெர்மோபிளாஸ்டிக் துகள்களை அந்த இடைவெளியிலேயே நிறுத்தியது. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777இன் வால்பகுதியிலும், பின்னர் 787இலும் இந்த வகைப் பொருளே இருக்கிறது.

கார் உடல்பாகங்களை ஒட்டும் பசைகளில் இப்போது மென்மையான ரப்பர் கருவும் கெட்டியான மேலோடும் கொண்ட நுண்துகள்களைத் தயாராகவே கலக்கிறார்கள். கரைந்து பிரியும்வரை காத்திருக்கும் சிக்கல் இதில் இல்லை.

இனி எபாக்சி பசை வாங்கும்போது ‘டஃபண்ட்’ (toughened, அதாவது விரிசலைத் தாங்கும்படி செய்தது) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடியும் அதிர்வும் படும் இணைப்புக்கு அதுவே ஏற்றது. சூடு படும் இடமென்றால், அது எத்தனை டிகிரிவரை தாங்கும் என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.