கொண்டோ கணக்கு: வாயால் கேட்காதீர்கள், படிவத்தில் கேளுங்கள்

ஒன்ராறியோவில் கொண்டோ வாங்கிய பலருக்கு ஒரு விஷயம் பிந்தித்தான் தெரியவருகிறது. கட்டடத்தின் வருடாந்த பட்ஜெட்டுக்கு உரிமையாளர்களின் வாக்கு தேவையில்லை. எல்லோரும் 'போர்ட்' என்று சொல்லும் இயக்குநர் சபை கூடித் தீர்மானித்தால் போதும், மெயின்டனன்ஸ் கட்டணம் ஏறிவிடும். கராஜ் திருத்த வேண்டும், வீட்டுக்கு இத்தனை ஆயிரம் டொலர் கட்டுங்கள் என்று விசேட அறவீட்டுக் கடிதம் வந்தாலும் அதற்கும் வாக்கெடுப்பு இல்லை. கட்டத் தவறினால் அந்தத் தொகை உங்கள் வீட்டின் மீது பற்றாக (lien) ஏறும். வங்கியின் வீட்டுக்கடனையும் முந்திக்கொண்டு நிற்கும் பற்று அது.

சபைக்கு இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்த கொண்டோமினியம் சட்டம், 1998, உரிமையாளர் கையிலும் ஒன்றைத் தந்திருக்கிறது. அதன் 55ஆம் பிரிவின்படி, உங்கள் கட்டடத்தைச் சட்டப்படி நடத்தும் கொண்டோ கூட்டுத்தாபனத்தின் ஆவணங்களை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம், பிரதியும் எடுக்கலாம். பட்ஜெட்டை நிறுத்த முடியாத உரிமையாளருக்கு இருக்கும் உண்மையான பிடி இதுதான். நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாததும் இதுதான்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அடுக்குமாடிகளின் லொபிகளில் வழக்கமாகக் காதில் விழும் உரையாடல் இது: "தம்பி, கராஜ் வேலைக்கு எவ்வளவு முடிஞ்சது?" "அடுத்த மீற்றிங்கில சொல்லுவம் அங்கிள்." அடுத்த மீற்றிங் வரும், போகும். கேட்டவர் மனம் நொந்து, "கள்ளர்" என்று நாலு பேரிடம் சொல்வார். உண்மையில் அங்கே யாரும் களவெடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் வாயால் கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் கண்ணில் எந்தப் பெறுமதியும் இல்லை. மனேஜருக்குக் கோபத்தோடு எழுதிய மின்னஞ்சலையும் தனியே நம்பியிருக்க முடியாது.

சட்டம் எண்ணத் தொடங்குவது ஆவணக் கோரிக்கைப் படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான். ஒன்ராறியோ அரசின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கும். வேண்டிய ஆவணங்களைக் குறித்து, மின்பிரதியா தாள்பிரதியா என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் என்ற முறையில் உங்கள் நலனோடு தொடர்புடைய கோரிக்கையாக இருந்தால் சரி. சபை 30 நாட்களுக்குள் அதற்கான பதில் படிவத்தில் மறுமொழி தர வேண்டும். அடிப்படை ஆவணங்களை மின்பிரதியாகக் கேட்டால் ஒரு சதமும் அறவிட முடியாது. தாளில் கேட்டால் பக்கத்துக்கு ஆகக்கூடியது 20 சதம். ஆங்கிலப் படிவம் நிரப்பத் தயங்கும் அம்மா, அப்பா சார்பில் பிள்ளைகளே கேட்கலாம். எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒருவர் உரிமையாளருக்காக ஆவணம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் இந்த உரிமை இல்லை.

எதைக் கேட்பது? முதல் தடவையிலேயே பெட்டி பெட்டியாகப் பில் கேட்க வேண்டாம். நடப்பாண்டின் பட்ஜெட், கணக்காய்வாளரின் அறிக்கையோடு கடைசி நிதிக்கூற்று, ஒதுக்கு நிதிக்கான எதிர்காலத் திட்டம், கடந்த 12 மாதங்களின் சபைக் கூட்டக் குறிப்புகள். இந்த நான்கும் அடிப்படை ஆவணங்கள். இவற்றை வாசித்த பிறகுதான் எந்த ஒப்பந்தத்தை, எந்தப் பில்லைக் கேட்பது என்று தெரியும். பில்களும் ஒப்பந்தங்களும் அடுத்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தேடி எடுக்கவும் மற்றவர்களின் விபரங்களை மறைக்கவும் ஆகும் நியாயமான செலவைக் கேட்க முடியும் என்பதால், குறிவைத்துக் கேட்பது உங்கள் பணத்துக்கும் நல்லது.

நான்கிலும் முக்கியமானது ரிசர்வ் ஃபண்ட் எனப்படும் ஒதுக்கு நிதியின் திட்டம். கூரை, லிஃப்ட், பொயிலர், ஜன்னல், கராஜ் போன்ற பொதுச் சொத்துகளின் பெரிய திருத்தங்களுக்கும் மாற்றீடுகளுக்கும் மட்டுமே அந்தப் பணத்தைத் தொடலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதற்கான ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆய்வு குறைந்தது 30 வருடங்களுக்கு முன்னோக்கிப் பார்க்கிறது. திட்டத்தின் நடுவே ஓர் அட்டவணை இருக்கும்: வருடத் தொடக்க இருப்பு, அந்த வருடப் பங்களிப்பு, எதிர்பார்க்கும் செலவு, வட்டி, வருட முடிவு இருப்பு. இன்றைய வருடத்தின் வரிசையில் விரலை வைத்து, திட்டம் சொல்லும் இருப்பை நிதிக்கூற்றில் உள்ள உண்மையான இருப்போடு ஒப்பிடுங்கள். கைவசம் உள்ளது பெரிய அளவில் குறைந்திருந்தால், ஏதோ ஒரு வேலை எண்ணியதைவிடக் கூடச் செலவாகியிருக்கிறது, அல்லது முந்தி வந்துவிட்டது. பிறகு பங்களிப்பு நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். சில வருடம் மெல்ல ஏறி, திடீரென ஒரு வருடத்தில் பாயும் இடம் இருந்தால், உங்கள் கட்டண உயர்வு அங்கேதான் காத்திருக்கிறது.

அந்த எண்களின் பின்னால் இருப்பதைப் பார்க்க மார்ச் மாதத்தில் நிலக்கீழ்க் கராஜுக்குப் போய் மேலே நிமிர்ந்து பாருங்கள். கார்கள் சுமந்துவரும் பனி உருகி, வீதி உப்போடு தரையில் தேங்கும். தரையின் நீர்த்தடுப்புப் படலம் தேய்ந்த இடத்தில் அது கொங்கிறீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீட்டை உடைக்கும். கூரையில் வெள்ளைப் படிவும் துருக்கோடும் தெரிந்தால், அடுத்த ஆய்வில் அந்தச் செலவு எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். "எங்கட பில்டிங்கில மெயின்டனன்ஸ் குறைவு" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வரும். குறைந்த கட்டணம் நல்ல நிர்வாகத்தாலும் வரலாம். சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதாலும் வரலாம். எதுவென்று அந்த அட்டவணை சொல்லிவிடும்.

2021 ஜூன் 24 அதிகாலை, புளோரிடாவின் சர்ஃப்சைட் நகரில் 136 வீடுகள் கொண்ட சாம்பிளேன் டவர்ஸ் சவுத் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்புப் பழுதானதையும் அதன் கீழுள்ள கொங்கிறீட்டின் சேதத்தையும் 2018இலேயே ஒரு பொறியியல் அறிக்கை எழுதியிருந்தது. செலவைப் பற்றிய இழுபறியில் வருடங்கள் போயின. சுமார் 1 கோடி 50 லட்சம் டொலர் அறவீட்டுக்குச் சபை ஒப்புதல் கொடுத்தது 2021 ஏப்ரலில். 2022இல் புளோரிடா தன் சட்டத்தைக் கடுமையாக்கி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கொண்டோக்களுக்குக் கட்டமைப்பு ஒதுக்கு நிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. பட்ஜெட் ஆவணம் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆவணம் தரச் சபை மறுத்தால்? சில மறுப்புகள் நியாயமானவை. நடக்கும் அல்லது எதிர்பார்க்கப்படும் வழக்கு ஆவணங்கள், ஊழியரின் தனிப்பட்ட கோப்பு, மற்றொரு வீட்டைப் பற்றிய விபரம் ஆகியவை கிடைக்காது. கூட்டக் குறிப்பில் பெயரும் வீட்டு இலக்கமும் கறுப்படித்து வரும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி முழுக் குறிப்பையும் மறைக்க முடியாது. "பழைய மனேஜர் போகும்போது கொண்டுபோய்விட்டார்" என்பது பதிலே இல்லை. ஆவணங்கள் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமானவை. நிதி ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டிய கடமையும் அதற்கு உண்டு.

நியாயமின்றி மறுத்தால் போக வேண்டிய இடம் 2017 நவம்பர் 1 முதல் இயங்கும் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயம். முழுவதும் இணையவழி; சட்டத்தரணி கட்டாயமில்லை. பேச்சுவார்த்தைக் கட்டத்துக்கு 25 டொலர், மத்தியஸ்தத்துக்கு 50, தீர்ப்புக் கட்டத்துக்கு 125. கோரிக்கை கொடுத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தவறினால் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். நியாயமான காரணமின்றி மறுத்த கூட்டுத்தாபனம் உங்களுக்கு 5,000 டொலர் வரை தண்டம் கட்டும்படி உத்தரவாகலாம். ஆனால் அந்தத் தண்டமும் எல்லா உரிமையாளரின் பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது. முதற்கட்டத்திலேயே ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு முடிப்பது எல்லாருக்கும் இலாபம்.

ஆவணப் பிணக்கில் தீர்ப்பாயம் ஆவணம் தரப்பட்டதா என்றுதான் பார்க்கும். செலவு புத்திசாலித்தனமானதா என்று தீர்ப்புச் சொல்லாது. அது உரிமையாளர்களின் வேலை. வாக்குரிமையுள்ள வீடுகளில் 15 வீதத்தினர் கையெழுத்திட்டால் உரிமையாளர் கூட்டம் கேட்கலாம். சபை 35 நாட்களுக்குள் அதை நடத்த வேண்டும். மொத்த வீடுகளில் பாதிக்கு மேல் வாக்களித்தால் இயக்குநரை நீக்கலாம். கணக்காய்வாளரை ஆண்டுக் கூட்டத்தில் நியமிப்பதும் நீங்களே. வாசலில் வந்து யாரோ நீட்டும், உங்கள் வாக்கை இன்னொருவரிடம் கொடுக்கும் வெற்றுப் புரொக்சித் தாளில் கையெழுத்திடுவது இந்த அதிகாரம் அத்தனையையும் தூக்கிக் கொடுப்பது. மோசடி என்று ஆவணமே காட்டினால் பொலிசுக்கும், மனேஜரின் நடத்தை பற்றியதென்றால் அவருக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரசபைக்கும் போகலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "கணக்குக் காட்டும்வரை காசு கட்டமாட்டன்" என்று மெயின்டனன்ஸை நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வட்டி, சட்டத்தரணிச் செலவு, வீட்டின் மீது பற்று என்று வளர்ந்து, இறுதியில் வீட்டை விற்கும் அளவுக்கும் போகலாம். அதோடு நிலுவை 30 நாளோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் கூட்டத்தில் வாக்கும் போய்விடும்.

இப்போதுதான் வாங்கப் பார்க்கிறீர்கள் என்றால், 100 டொலருக்கு 10 நாளில் கிடைக்கும் நிலைச் சான்றிதழை (status certificate) வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

போர்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத அயலவர்கள். அவர்களுடன் சண்டைக்குப் போகிறோம் என்ற தயக்கம் இருந்தால் அதை விடுங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் சபைக்கு உங்கள் படிவம் சில நிமிட வேலைதான். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுக் கூட்டம் வரும். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே படிவத்தை அனுப்பிவிடுங்கள். 30 நாளில் ஆவணம் வந்தாலும், வாசித்து, அடுத்த வீட்டாரோடும் பேசி, கேள்விகளை எழுதிக்கொண்டு போக உங்களுக்கு நேரம் வேண்டும்.