குப்பை அஞ்சலும் விதித் தொகுப்பும்

கடிதத்தை எதிர்பார்த்திருத்தல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. முன்னாளில் தபாற்காரரின் சைக்கிள் மணியோசைக்குச் செவிசாய்த்திருந்த நாம், இன்று கைத்தொலைபேசியில் மின்னஞ்சலை எதிர்நோக்கியிருக்கின்றோம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும், 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் இளைஞர்க்குப் பரீட்சை அறிவித்தலும், புலமைப்பரிசிற் செய்தியும், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் இவ்வழியாகவே வருகின்றன. பரிசு விழுந்ததென்றும், பணம் இரட்டிப்பாகுமென்றும் பொய்யுரைக்கும் குப்பை அஞ்சல்களும் அவற்றோடு கலந்து வருகின்றன. இவ்விருவகையையும் பிரித்தறியும் வடிகட்டி எங்ஙனம் இயங்குகின்றது, அதனை விரைவுபடுத்தும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

குப்பை அஞ்சல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே கணினி விற்பனையாளர் ஒருவர் தம் விளம்பரத்தை நூற்றுக்கணக்கானோர்க்கு ஒருங்கே அனுப்பினார். அதுவே இதன் தொடக்கமெனக் கூறுவர். அதனைத் தடுக்க எழுந்த கருவிகளுட் புகழ்பெற்றது, 2001ஆம் ஆண்டிலே ஜஸ்ரின் மேசன் என்பார் வெளியிட்ட ஸ்பாமசாசின் ஆகும். பின்னர் அப்பாச்சி நிறுவனத்தின் கீழ் வந்த இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம்.

இதன் முறை எளிது. ஐயத்துக்குரிய சொற்களையும் தொடர்களையும் விதிகளாக எழுதி, ஒவ்வொரு விதிக்கும் புள்ளி வகுத்துள்ளனர். கடிதமொன்றில் எவ்விதி பொருந்துகின்றதோ அதன் புள்ளி கூட்டப்படும். மொத்தம் 5 ஆயின், வேறு எல்லை குறிக்கப்படாதவிடத்து, அது குப்பை என முத்திரையிடப்படும். விதிகளோ பல நூறு. முதல் விதிக்காகக் கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து படித்து, இரண்டாவதற்காக மீண்டும் தொடக்கத்திலிருந்து படித்து, இவ்வாறே ஒரு கடிதத்தைப் பன்னூறு முறை படிப்பதாயின், நாளொன்றுக்குப் பல்லாயிரம் அஞ்சலைப் பெறும் கணினி களைத்துப்போகாதோ?

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் மூவரை நினைத்துப் பார்ப்போம். ஒருவர் ஒட்டுசுட்டானுக்கும், ஒருவர் கிளிநொச்சிக்கும், ஒருவர் பூநகரிக்கும் போக வேண்டியவர். மூவர்க்கும் மூன்று வண்டி பிடிப்பார் உண்டோ? மாங்குளம் வரை மூவரும் ஒரே வண்டியிற் செல்லலாம். ஆங்கு முதல்வர் கிழக்கே பிரிவார். இரண்டாமவர் கிளிநொச்சியில் இறங்குவார். மூன்றாமவர் பரந்தனில் மேற்கே திரும்புவார்.

சொற்களைத் தேடுதலும் இத்தகையதே. பரிசு, பரிகாரம், பணம் என்னும் மூன்று சொற்களைத் தேடுகின்றோம் என்க. மூன்றிற்கும் முதலெழுத்துப் பகரம். அடுத்து வருவது ணகரமாயின் ஒரு வழி, ரிகரமாயின் மற்றொரு வழி. ரிகரத்தின் பின் சுகரமோ காகாரமோ என்பதை நோக்கி அவ்வழி மீண்டும் கிளைக்கும். இவ்வாறு கிளைகளையெல்லாம் முன்கூட்டியே வரைந்து வைத்தால், கடிதத்தை ஒரே முறை படித்த மாத்திரத்தில் எல்லாச் சொற்களையும் தேடி முடிக்கலாம். ஒரே வாசிப்பிற் பல சொற்களைத் தேடும் இவ்வழியை ஆகோ, கோரசிக் என்னும் இருவர் 1975ஆம் ஆண்டிலே ஆராய்ந்து வெளியிட்டனர்.

2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பாமசாசின் 3.2ஆம் பதிப்பு இக்கருத்தைக் கைக்கொண்டது. விதிகளைத் தொகுப்பதற்கென அதில் ஒரு துணைக்கருவி சேர்க்கப்பட்டது. கடிதத்தின் உடற்பகுதியை நோக்கும் விதிகளிலிருந்து மாறாச் சொற்பகுதிகளை அது பிரித்தெடுக்கும். ஆர்ஈ2சி என்னும் மென்பொருள் அவற்றைச் சி மொழி நிரலாக ஆக்கும். அந்நிரல் பின்னர் கணினி நேரே விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாக மாற்றப்படும். இதனையே தொகுத்தல் என்பர். கடிதம் வந்ததும் அந்நிரல் ஒருமுறை படித்து, எவ்வெவ் விதிகள் பொருந்தக்கூடும் எனச் சொல்லும். அவை மாத்திரமே முழுமையாகச் சோதிக்கப்படும். தொகுத்தற்குச் சிறிது நேரம் செல்லுமாயினும், மாரிக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்குதல் போன்று, அவ்வுழைப்பு ஒருமுறைக்கே உரியது. ஆயின் விதிகள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. தொகுப்பினால் வேகம் கூடுமேயன்றித் தீர்ப்பு மாறுவதில்லை. 2002 முதல் 2006 வரை ஏ-9 வீதி திறந்திருந்த காலத்தில், ஓமந்தையிலே வரிசையில் நின்றவர் நம்முட் பலர். ஒவ்வொரு பையும் அவிழ்க்கப்படும்வரை காத்திருந்தவர்க்கு விரைவின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், வரிசை எத்துணை விரைந்து நகரினும், குற்றமற்ற ஒருவர் மறிக்கப்படின் அவர்க்கு அவ்விரைவினால் ஆவது யாது?

பரிசு என்னும் சொல்லைத் தேடும் விதி, பரிசுத்தமான குடிநீர் வேண்டி ஒரு கிராமத்தவர் எழுதிய கடிதத்திலும் பொருந்திவிடும். சொல் எங்கே முடிய வேண்டும் என்பதை விதி எழுதியவர் குறிக்காமல் விட்டதே அதற்குக் காரணம். ஒரு விதியின் புள்ளியால் மட்டும் கடிதம் தள்ளப்படாதாயினும், அத்தகைய பிழைகள் இரண்டு மூன்று சேருமாயின் அது குப்பைக் கூடையைச் சேரும். பிழைபட்ட விதியைத் தொகுத்தால் அப்பிழையும் விரைவாக நிகழும். குப்பையொன்று உள்ளே வருமாயின் அதனை அழித்துவிடலாம். நேர்முக அழைப்பொன்று மறைந்து போகுமாயின், அவ்விளைஞர் அதனை அறிவதற்குள் உரிய நாள் கடந்துவிடும்.

ஆதலின், அஞ்சற் கணினிகளைப் பேணும் பொறுப்பை ஏற்கவிருக்கும் நம் கல்லூரி மாணவர், புதிய விதிகளை நல்ல கடிதங்கள் மீது முதலிற் சோதித்துத் திருத்தி, அதன்பின்னரே தொகுப்பாராக. ஏனையோர் வாரத்துக்கு ஒருமுறையாவது தம் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. நமக்கென வந்த நற்செய்தி ஒன்று அங்கே கிடத்தலும் கூடும்.